இடம் மாறிய துறைமுகம்

துறைமுகம் இடம் மாறியிருந்தது.

கப்பலோட்டி சிப்ரான்ட் வரைந்து கொடுத்த படத்தில் அது தீவின் மேற்கே இருந்தது. அச்சில் கிழக்கே இருந்தது. மேற்கே, கப்பல் நங்கூரம் போட வேண்டிய இடத்தில், பாறைகள்.

லீவன் ஈரத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிப்ரான்டின் படத்தைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். பாறைகள் நகரவில்லை.

"என்னய்யா, பல் வலியா?" என்றான் வோபே. அச்சுப் பொறியைச் சுழற்றுகிறவன் அவன்தான்.

"இல்லை."

"மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

செம்புத் தகட்டில் எதையும் இடவலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். எழுத்துகளை லீவனின் கை தானாகவே திருப்பிக்கொள்ளும்; அவன் யோசிப்பதே இல்லை. கரைகளுக்கு எண்ணெய்த் தாள் உண்டு. படத்தை எண்ணெய்த் தாளில் எடுத்து, அதைத் தகட்டின் மேல் குப்புறப் போட்டு ஒற்ற வேண்டும். எண்ணெய்த் தாளில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு ஒன்றுபோலத் தெரியும். அன்று லீவன் அதை மல்லாக்கப் போட்டுவிட்டான்.

காரணம் ஹெஸ்ஸல். லீவனின் மனைவி கிரீட்டுக்குத் தம்பி. கப்பலில் வேலை கிடைக்கும்வரை என்று வந்தவன். குளிர்காலம் முழுவதும் அவர்களுடைய ஒரே அறையில் படுத்து, லீவனின் பாலாடைக்கட்டியைத் தின்று, லீவனின் காதருகே குறட்டை விட்டான். லீவன் தூங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

வோபே வந்து தாளை எட்டிப் பார்த்தான்.

"எழுத்தெல்லாம் நேரா இருக்கு. தீவுதான் திரும்பிப் படுத்திருக்கு."

"மெதுவாப் பேசு."

உள் அறையில் மாக்டெல்ட் அம்மா இருந்தாள். கடை அவளுடையது. கணவர் இருந்தவரை ஆம்ஸ்டர்டாமில் அது நல்ல வரைபடக் கடை. அவர் போன பிறகு எல்லோரும் பயப்படும் வரைபடக் கடை. போன மாதம் லீவன் ஒரு பிரபுவின் கோட்டையை ஆற்றுக்குள் வைத்துவிட்டான். "இன்னொரு தடவை இப்படி நடந்தா கதவைச் சாத்திட்டுப் போ. வெளியில நின்னு சாத்து" என்று சொல்லியிருந்தாள்.

தகட்டைத் தட்டி, மழித்து, மறுபடி செதுக்கலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். திமிங்கல வேட்டைக் கப்பல்கள் காற்று திரும்பினால் கிளம்பிவிடும். கடற்காக்கைத் தீவுக்குப் போய் வந்த ஒரே ஆள் சிப்ரான்ட். கப்பல்காரர்கள் எல்லோரும் அந்தப் படத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

படம் கொண்டுவந்த அன்று சிப்ரான்ட் அதிகம் பேசவில்லை. படத்தை மேஜையில் போட்டார். "போன தடவை கரடி விரிகுடாவுக்கு எப்படிச் செஞ்சியோ அப்படியே செய்யி தம்பி. புதுசா எதையும் யோசிச்சுடாதே" என்றார். வாதக் காலை இழுத்துக்கொண்டு ஊருக்குப் படகேறிவிட்டார்.

லீவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தான். கரடி விரிகுடா நன்றாக விற்ற படம். வியாபாரிகள் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள்.

"இப்படிச் செஞ்சா என்ன?" லீவன் தாளைத் தலைகீழாகத் திருப்பினான். "இப்ப துறைமுகம் மேற்கே வந்துடுச்சு. வடக்கு அம்பை மட்டும் மாத்திட்டா போதும்."

"வடக்கே இருந்த மலை தெற்கே போயிடுச்சே."

"மலையை யார் பார்க்கப் போறா?"

"கடல்ல இருக்கிறவன் வேற எதைய்யா பார்ப்பான்?"

லீவன் தாளை நேராக வைத்தான். கட்டைவிரலில் மை ஒட்டியது. அச்சு இன்னும் காயவில்லை.

அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, ஒரு வெற்றுத் தாளை நனைத்து, அச்சின் மேல் பரப்பினான்.

"சுத்து."

வோபே சுற்றினான். இரண்டு தாள்களும் உருளைக்கு அடியில் போய் வந்தன. லீவன் மேல் தாளை உரித்தான். துறைமுகம் மேற்கே. பாறைகள் கிழக்கே. சிப்ரான்ட் வரைந்தபடியே.

"அப்பாடா" என்று முக்காலியில் உட்கார்ந்தான்.

"தீவு சரியாயிடுச்சு" என்றான் வோபே. "எழுத்துதான் இப்ப பின்பக்கமா ஓடுது."

அந்த நேரத்தில்தான் மாக்டெல்ட் அம்மா வந்தாள். தாளைக் கையில் எடுத்தாள். தள்ளிப் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள்.

"இது என்ன பாஷை?"

"நம்ம பாஷைதான் அம்மா."

"எனக்குப் படிக்க வரலையே."

"அதுக்குத்தான் அம்மா." லீவன் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். "இங்கிலீஷ்காரன் கையில கிடைச்சாலும் படிக்க முடியாது. ரகசியம்."

"நம்ம ஆளு எப்படிப் படிப்பான்?"

"கண்ணாடியில."

மாக்டெல்ட் அம்மா உள்ளே போனாள். கைக்கண்ணாடியோடு திரும்பி வந்தாள். தாளின் அருகே பிடித்தாள். உதடுகள் அசைந்தன. கடற்காக்கைத் தீவு. நல்ல தண்ணீர் இங்கே.

"லீவன்."

"அம்மா."

"என் வீட்டுக்காரர் உயிரோட இருந்த வரைக்கும் உன்னை முட்டாள்னே சொல்லிட்டிருந்தார்."

"ஆமாம் அம்மா."

"அவருக்கு ஆளைப் படிக்கத் தெரியலை."

அவளுடைய அண்ணன் நியூரம்பர்க்கிலிருந்து வாங்கி வந்த கைக்கண்ணாடிகள் ஒரு பெட்டி நிறைய விற்காமல் கிடந்தன. முகத்தைப் பச்சையாகக் காட்டும் என்று பெண்கள் தொடவில்லை. மாலுமிகளுக்கு அது பற்றிக் கவலை இருக்காது. படத்துக்கு ஒரு கண்ணாடி என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்ல, தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

லீவனுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. கால்வாய் ஓரம் உட்கார்ந்து ஊறுகாய் ஹெர்ரிங் மீனை வெங்காயத்தில் புரட்டி வாலைப் பிடித்து வாய்க்குள் இறக்கினான். பாதி மீன் உள்ளே போனபோது கண்ணாடி ஞாபகம் வந்தது.

கண்ணாடியில் எழுத்து திரும்பும். எழுத்து மட்டுமா திரும்பும்?

மீதி மீன் கையிலேயே நின்றது.

"கண்ணாடியில பார்த்தா துறைமுகம் மறுபடியும் கிழக்கே போயிடும்" என்றான்.

"ஆமா" என்றான் வோபே.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா கண்ணாடியைப் பிடிச்சப்பவே தெரிஞ்சுது."

"சொல்ல வேண்டியதுதானே."

"அவங்க சந்தோஷமா இருந்தாங்க. அதை எத்தனை தடவை பார்த்திருக்கோம்?"

மறுநாள் காலை லீவன் மாக்டெல்ட் அம்மா முன்னால் போய் நின்றான். படத்தின் கீழ் மூலையில் காலியிடம் இருக்கிறது, அங்கே ஒரு குறிப்பு செதுக்கலாம் என்றான். எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கவும், கரையை வெறுங்கண்ணால் பார்க்கவும்.

"எதுக்கு?"

"கரை தெளிவாத் தெரியும் அம்மா. கண்ணாடியில கொஞ்சம் பச்சை அடிக்குது."

"கண்ணாடியை நாமளே விக்கிறோம். அதுல பார்க்காதேன்னு நாமளே எழுதி வைக்கிறதா?"

"பாதி பார்க்கலாம்னுதான்..."

"அந்த மூலையில ஒரு திமிங்கலம் போடு. சந்தோஷமான திமிங்கலம்."

லீவன் போட்டான். நல்ல திமிங்கலம். அது சிரித்தது.

சில நாள் கழித்து ஒரு மாலை வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. மேஜையில் பீர் இருந்தது. கிரீட் அழுதுகொண்டிருந்தாள். ஹெஸ்ஸல் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

"வேலை கிடைச்சிடுச்சு அத்தான்" என்றான். "'பச்சைக் கிளி' கப்பல். சுக்கான் பிடிக்கிற வேலை."

லீவனின் நெஞ்சு இலேசானது. குறட்டை இல்லாத அறை. முழுப் பாலாடைக்கட்டி.

"எங்கே போறே?"

"கடற்காக்கைத் தீவு. உன் கடைப் படம்தானாமே. சுக்கான்காரன் கையிலதான் இருக்கணும்னு படத்தையும் கண்ணாடியையும் எங்கிட்டயே குடுத்துட்டாங்க."

கிரீட் கண்ணைத் துடைத்தாள். "என் புருஷன் செஞ்ச படம், என் தம்பிக்கு வழி காட்டப் போகுது."

லீவன் உட்கார்ந்தான்.

"ஏன் இப்படி வெளுத்துட்டே?" என்றாள்.

"சந்தோஷம்."

"இவனைச் சும்மா அனுப்பலை, லீவன். உன்னை நம்பி அனுப்பறேன். எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்."

"நான் இருக்கேனே."

"நீ புருஷன்."

அவள் ரொட்டி வாங்கப் போனதும் லீவன் கதவைச் சாத்தினான்.

"ஹெஸ்ஸல், ஒரு விஷயம். படத்துல எழுத்தை மட்டும்தான் கண்ணாடியில பார்க்கணும். கரையை வெறும் கண்ணால பார்க்கணும்."

"சரி அத்தான்."

"துறைமுகம் மேற்கே. கண்ணாடி கிழக்கேன்னு காட்டும். நம்பாதே."

"சரி."

"எங்கே சொல்லு பார்ப்போம்."

"அத்தான், உனக்குப் படகுத்துறையில நின்னாலே வாந்தி வரும். நீ எனக்குக் கடலைப் பத்திச் சொல்றே."

"சொல்லு."

"எழுத்து கண்ணாடியில. கரை கண்ணுல. போதுமா?"

போதும். லீவன் அன்று குறட்டைக்கு நடுவிலும் தூங்கினான். காற்று திரும்பிய நாளன்று காலை மச்சானைக் கட்டிப்பிடித்து வழியனுப்பி, பாதிப் பாலாடைக்கட்டியையும் கையில் கொடுத்துவிட்டு, விசிலடித்தபடி கடைக்கு வந்தான்.

வோபே தாள் நனைத்துக்கொண்டிருந்தான்.

"உன் மச்சானை நேத்து சாராயக் கடையில பார்த்தேன். நல்ல பையன். எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தான்."

"நல்ல பையன்தான்."

"நீ ஏதோ கண்ணாடியைப் பத்திச் சொன்னியாமே. ஒண்ணைக் கண்ணாடியில பார்க்கணும், இன்னொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னு. எது எதுன்னு மறந்துபோச்சுன்னு சொல்லிச் சிரிச்சான். கடைசியில, எல்லாத்தையும் கண்ணாடியிலயே பார்த்துட்டா வம்பில்லைன்னு அவனே முடிவு பண்ணிட்டான்."

லீவன் மேலங்கி இல்லாமல் ஓடினான். பாலங்களில் ஓடினான். ஒரு மீன்காரியின் கூடையைத் தட்டிவிட்டான். அவள் அவன் அம்மாவையும் பாட்டியையும் பற்றிச் சொன்னதெல்லாம் காதில் விழுந்தும் நிற்கவில்லை.

'பச்சைக் கிளி' கரையை விட்டுக் கிளம்பியிருந்தது. பாய்கள் விரிந்துகொண்டிருந்தன. ஹெஸ்ஸல் பின் தளத்தில் நின்றான்.

"மேற்கே" என்று லீவன் கத்தினான். "துறைமுகம் மேற்கே."

காற்று எதிர்க்காற்று. ஹெஸ்ஸல் கை அசைத்தான். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான். வெயில் அதில் பட்டு லீவனின் கண்ணில் அடித்தது. கண் தெளிந்தபோது கப்பல் சின்னதாகிவிட்டிருந்தது.

தம்பியை வழியனுப்ப வந்து பக்கத்தில் நின்ற கிரீட் மூக்கைச் சிந்தினாள்.

"நீ இவ்வளவு பாசமா இருப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

கோடை முழுவதும் கிரீட்டுக்கு நல்ல புருஷன் கிடைத்தான். அவன் தண்ணீர் இறைத்தான். மாடிப்படி தேய்த்தான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூங்கவில்லை. ஹெஸ்ஸல் விட்டுப்போன மீதிப் பாலாடைக்கட்டியைத் தொடாமல் வைத்திருந்தான். அது காய்ந்து, வெடித்து, ஒரு நாள் எலி தின்றுவிட்டது. இரவில் அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் லீவனால் தூங்க முடியவில்லை.

கிரீட்டிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை வாயைத் திறந்தான். ஒவ்வொரு தடவையும் கிரீட், "தெரியும், எனக்கும் அவன் ஞாபகம்தான்" என்று அவன் தலையைத் தடவிவிட்டாள்.

கடையில் கண்ணாடிப் படம் தீர்ந்து, மறுபடி அச்சடித்து, அதுவும் தீர்ந்தது. கண்ணாடி இல்லாத படம் எல்லாம் பழசு என்று ஊர் பேசுவதைக் கேட்டு, பக்கத்துத் தெருப் பதிப்பாளரும் எழுத்தைத் திருப்ப ஆரம்பித்தார். மாக்டெல்ட் அம்மா லீவனுக்கு ஜன்னலோர மேஜையைக் கொடுத்தாள். அவன் அங்கே உட்கார்ந்து துறைமுகத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இலைகள் கால்வாயில் விழ ஆரம்பித்தபோது, ஒரு மதியம் கடைக்குள் திமிங்கல எண்ணெய் நாற்றம் வந்தது. நாற்றத்துக்குப் பின்னால் ஹெஸ்ஸல் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஒரு காது உறைபனியில் கொஞ்சம் போயிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது.

லீவன் எழுந்தான். உளி கீழே விழுந்தது. மச்சானைக் கட்டிக்கொண்டான். தோளைத் தடவினான். கையைத் தடவினான்.

"அத்தான், நாறும்."

"நாறட்டும்."

"என்ன, அழறியா?"

"எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு." லீவன் மூச்சு விட்டான். கோடை முழுவதும் விடாத மூச்சு. "எனக்குத் தெரியும். நான் சொன்னது உனக்குச் சமயத்துல ஞாபகம் வரும்னு தெரியும்."

"என்ன சொன்னே?"

"கரையை வெறும் கண்ணால பார்க்கணும்னு."

"அப்படியா சொன்னே?" ஹெஸ்ஸல் தாடியைச் சொறிந்தான். "நான் எல்லாத்தையும் கண்ணாடியிலதான் பார்த்தேன்."

"கரையையும்?"

"கரையையும். கையை நீட்டினா விரல் தெரியாத பனி. கப்பல் தலைவர் ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டார். நான் ஒரு கையில கண்ணாடி, ஒரு கையில சுக்கான். கிழக்கால சுத்தி உள்ளே விட்டேன். அப்படியே வெண்ணெயில கத்தி மாதிரி போச்சு. உன் படத்துக்கு எல்லாரும் முத்தம் குடுத்தாங்க அத்தான். திமிங்கலத்துக்கும் குடுத்தாங்க."

"கிழக்கே துறைமுகம் இருந்துச்சா?"

"வேற எங்கே இருக்கும்? மேற்கே பூரா பாறை. திரும்பும்போது வெயில் அடிச்சப்ப பார்த்தோம். அந்தப் பக்கம் போயிருந்தா ஒருத்தன் மிஞ்சியிருக்க மாட்டான்."

அவன் அக்காவைப் பார்க்கக் கிளம்பினான். வாசலில் நின்று, "வீட்டுல பாலாடைக்கட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

லீவன் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தான். சிப்ரான்டின் மூலப் படத்தை அலமாரியின் அடியிலிருந்து எடுத்து விரித்தான். துறைமுகம் மேற்கே. சந்தேகமே இல்லை.

"வோபே, ஒரு தீவு நகருமா?"

"நம்ம கடையில நகரும்."

"விளையாடாதே. அவன் தப்பான பக்கம்தான் போயிருக்கான். ஆனா சரியாப் போயிருக்கான்."

"உயிரோட வந்திருக்கான்ல. விடு."

"விட முடியலையே."

அந்த வாரமே சிப்ரான்ட் வந்தார். ஊன்றுகோலின் சத்தம் முதலில் கேட்டது. மாக்டெல்ட் அம்மா கண்ணாடி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். லீவன் எழுந்து நின்றான். ஓடுவதற்குப் பின் கதவு திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"என் தீவு எங்கே?" என்றார் சிப்ரான்ட்.

லீவன் படத்தைக் கொடுத்தான். கண்ணாடியையும் கொடுத்தான். அவர் முகவாயைச் சொறிந்தார்.

"இது எதுக்கு?"

"இதுல பார்த்துப் படிக்கணும் ஐயா. இப்ப அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

சிப்ரான்ட் கண்ணாடியைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கரையோரமாக விரலை நகர்த்தினார். துறைமுகத்தில் விரல் நின்றது. வோபே தாள் நனைப்பதை நிறுத்திவிட்டான்.

"சரியா இருக்கு" என்றார் சிப்ரான்ட். "திமிங்கலம் மட்டும் எதுக்கு இளிக்குது?"

"அம்மா சொன்னாங்க."

"சரி." அவர் மேலங்கிக்குள் கைவிட்டு ஒரு சுருளை எடுத்து மேஜையில் போட்டார். புதிய தீவு. புதிய துறைமுகம். "இதையும் அதே மாதிரி செய்யி தம்பி. யோசிக்காதே."

லீவன் சுருளைத் தொடவில்லை.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு."

"கடற்காக்கைத் தீவுல துறைமுகம் எந்தப் பக்கம்?"

"கிழக்கே."

"நீங்க குடுத்த படத்துல மேற்கே இருந்துச்சே."

சிப்ரான்ட் அவனை நிதானமாகப் பார்த்தார். பிறகு தன் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைத் திருப்பிக் காட்டினார்.

"போன தடவை என் கரடி விரிகுடாவை நீ இடவலம் மாத்தித்தான் அடிச்சிருந்தே, இந்த மோதிரமும் மெழுகுல அப்படித்தானே விழுது, அச்சுன்னா அதுதான் வழக்கம்னு நினைச்சு இந்தத் தடவை நானே திருப்பி வரைஞ்சு குடுத்துட்டேன்."